நிருபருக்கு என்ன வேண்டும்? சிறிய பரப்புரைக் குழுக்களுக்கு ஓர் ஊடக வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதி. சுயேச்சையாகவோ சிறிய அமைப்பின் சார்பிலோ ஒருவர் போட்டியிடுகிறார். கூட நிற்பவர்கள் இருபது பேர். ஒருவர் துண்டறிக்கையைப் பார்த்துக்கொள்கிறார், ஒருவர் வண்டியை, ஒருவர் கணக்கை. மிச்சமிருக்கும் ஒருவரிடம் "பத்திரிகை வேலை உன் பொறுப்பு" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒருவருக்காக எழுதப்பட்டது இது.

"பெரிய கட்சியைத்தான் போடுவாங்க, நம்மளப் போடமாட்டாங்க" என்று உங்கள் குழுவில் முதல் நாளே ஒருவர் சொல்வார். அது பாதி உண்மை. கூட்டணித் தலைவர் வரும் நாளில் உங்களுக்கு இடம் கிடைக்காது. ஆனால் மாவட்டப் பக்கம் தினமும் நிரம்பியாக வேண்டும். அதை நிரப்பும் நிருபருக்கு மாலைக்குள் சரிபார்க்கக்கூடிய ஒரு விஷயம், ஒரு படம், கூப்பிட்டால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். சிறிய குழுக்கள் அனுப்பும் பெரும்பாலான குறிப்புகளில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. குப்பைக்குப் போவதற்கு அதுவே பெரிய காரணம்.

எதிர்பார்ப்பையும் அளந்து வையுங்கள். சென்னை ஸ்டுடியோ விவாதம் உங்கள் இலக்கல்ல. உங்கள் வாக்காளர் டீக்கடையில் புரட்டும் மாவட்டப் பக்கம், உள்ளூர் கேபிள் சேனல், வட்டார யூடியூப் சேனல், ஊர் வாட்ஸ்அப் குழு ஆகியவைதான் இலக்கு.

பட்டியல்: தேர்தல் அறிவிப்புக்கு முன்பே

ஒரு நோட்டு வாங்குங்கள். தொகுதிக்குள் வரும் ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். தினத்தந்தி, தினமலர், தினகரன், தினமணி, இந்து தமிழ் திசை, மாலை மலர், மாலை முரசு என்று அந்த ஊருக்கு வரும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி. தொலைக்காட்சிகளுக்குத் தனிப் பக்கம். உள்ளூர் கேபிளுக்கும் யூடியூப் சேனல்களுக்கும் இன்னொன்று.

ஆட்களை எங்கே பிடிப்பது? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். மாவட்டத்தின் பாதி நிருபர்களும் ஒளிப்பதிவாளர்களும் அன்று காலை அங்கேதான் இருப்பார்கள். மனு கொடுக்கப் போகும்போதே அறிமுகமாகிவிடலாம். தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் இந்தக் கூட்டம் நிறுத்தப்பட்டு, மனுப் பெட்டி மட்டும்தான் இருக்கும். அதனால்தான் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே பட்டியலை முடிக்கச் சொல்கிறோம். மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதுங்கள்: எத்தனை மணிக்குள் செய்தி வேண்டும், எந்த ஊர்ப் பதிப்பில் வரும், எழுத்து எந்த வடிவில் வேண்டும், படம் யாருக்கு அனுப்ப வேண்டும். பதிப்பு விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தொகுதி இரண்டு மாவட்டங்களின் ஓரத்தில் இருந்தால், ஒரு வட்டத்துக்கு ஒரு நகரத்தில் அச்சான தாளும் அடுத்த வட்டத்துக்கு வேறு நகரத்தில் அச்சான தாளும் வரலாம். ஒரு நிருபரிடம் மட்டும் கொடுத்துவிட்டு "பாதி ஊருக்குச் செய்தியே வரலையே" என்று திகைப்பது இதனால்தான்.

வட்டார நிருபரை மதியுங்கள். இவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. வெளியான செய்திக்கு ஏற்ப சிறு தொகை பெறுபவர்கள். வேறு தொழிலும் பார்ப்பார்கள், சிலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடியும் இருக்கும். மாவட்டத் தலைநகரிலுள்ள மூத்த நிருபரிடம் நேராகப் போய், வட்டார நிருபரைத் தாண்டிச் செய்தி கொடுத்துவிட்டால் அவர் மனம் சுருங்கும். அடுத்த முப்பது நாளும் உங்கள் ஊரில் இருக்கப்போகிறவர் அவர்தான்.

நேரம்

மாலை நாளிதழ்கள் நண்பகலையொட்டி அச்சுக்குப் போகின்றன. அவர்களுக்கான செய்தி காலை 11 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். காலை நாளிதழ்களின் வட்டார நிருபர்கள் மாலை 5 மணிக்குள் கேட்பார்கள். 7 மணிக்கு மேல் கொலை, விபத்து, தலைவர் பேச்சு தவிர வேறெதுவும் நுழைவது கடினம். இது ஊருக்கு ஊர், தாளுக்குத் தாள் மாறும் என்பதால் நோட்டில் எழுதிய நேரத்தையே நம்புங்கள்.

ஆகவே நிகழ்ச்சியைக் காலை 10 மணிக்கு வையுங்கள், 10.45-க்குள் படமும் குறிப்பும் போய்விட வேண்டும். மாலை 6 மணிக்குத் தெருமுனைக் கூட்டம் நடத்திவிட்டு இரவு 9.30-க்கு நாற்பது படங்கள் அனுப்பினால், அவற்றை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மாலைக் கூட்டம்தான் வசதி என்றால், வேட்பாளர் என்ன பேசப்போகிறார் என்ற குறிப்பை மதியமே கொடுத்துவிட்டு, முதல் பத்து நிமிடத்தில் எடுத்த ஒரே ஒரு படத்தை உடனே அனுப்புங்கள்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெரிய தலைவர் பரப்புரைக்கு வரும் நாள், மனுத்தாக்கலின் கடைசி நாள், திருவிழாவை ஒட்டி நாளிதழ் வெளிவராத நாள் ஆகியவற்றைத் தவிருங்கள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகச் செய்திகள் வராது. திங்கட்கிழமைத் தாளில் ஓரளவு இடம் இருக்கும். சிறியவர்களுக்கு ஞாயிறு நல்ல நாள்.

எது செய்தி, எது இல்லை

"வேட்பாளர் வீடு வீடாகச் சென்று ஆதரவு திரட்டினார்" என்பது அந்தத் தொகுதியில் நிற்கும் எல்லோருக்கும் பொருந்தும் வாக்கியம். அதனாலேயே அது நான்கு வரிக்கு மேல் வளராது. நிருபருக்குப் பிடி கொடுக்க எண், ஆவணம், மனிதர் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும்.

ஆவணத்துக்கு எளிய வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் கேள்வி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, விரைவுத் தபால். பதில் தர 30 நாள் அவகாசம்; மேல்முறையீடு என்றால் இன்னும் இழுக்கும். எனவே தேர்தலுக்கு நான்கைந்து மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். கேள்வி சின்னதாக, எண்ணில் பதில் வரும்படி இருக்கட்டும். "எங்கள் ஊருக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த ஊராட்சியில் கடந்த மூன்று நிதியாண்டுகளில் குடிநீர்க் குழாய் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்ட தொகை எவ்வளவு?" என்று கேட்டால் அட்டவணை வரும். அந்த அட்டவணையோடு, அதே ஊரில் குடம் தூக்கி ஒரு கிலோமீட்டர் நடக்கும் ஒரு பெண்ணின் பேச்சையும், அவர் சம்மதத்துடன் எடுத்த படத்தையும் சேர்த்தால் நிருபருக்கு முழுச் செய்தி கிடைத்துவிடும்.

கிராம சபைத் தீர்மானமும் நல்ல ஆவணம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வெளியானது. சுற்றுவட்டார ஊராட்சிகள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. அரிட்டாபட்டி 2022-இலேயே மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர்; சமணர் படுக்கையும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள மலை. நிருபருக்கு அரசாணை இருந்தது, தீர்மானம் இருந்தது, எடுக்கப் படம் இருந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7 அன்று மதுரை நோக்கிப் பேரணி, ஜனவரி 23 அன்று மத்திய அரசின் ரத்து அறிவிப்பு. ஏலம் ரத்தானதற்கு ஊடகம் மட்டும் காரணமல்ல. ஆனால் அந்த இரண்டரை மாதமும் செய்தி அணையாமல் இருந்ததற்கு, ஒவ்வொரு வாரமும் எழுத ஒரு புதிய தாளோ புதிய தேதியோ கிடைத்துக்கொண்டே இருந்தது முக்கியக் காரணம்.

இழுத்தடிக்கும் பிரச்சினைக்கு நாள் கணக்கு உதவும். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து 2022 முதல் போராடிவரும் ஏகனாபுரம் மக்கள் நாட்களை எண்ணிக்கொண்டே வந்தார்கள். நூறாவது நாள், ஐந்நூறாவது நாள் என்று ஒவ்வொரு எண்ணும் நிருபர் திரும்பி வருவதற்கு ஒரு சாக்கு.

இனி, "நூதனப் பரப்புரை". தோசை சுடுவது, முடி வெட்டுவது, டெபாசிட் தொகையைச் சில்லறையாகக் கொட்டுவது. படம் நிச்சயம் வெளிவரும், ஆனால் அதில் உங்கள் கோரிக்கை இருக்காது. 1996-இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் விவசாயிகளின் குறைகளைக் கவனிக்கவைப்பதற்காகப் போட்டி போட்டு மனுத்தாக்கல் செய்ததில் 1,033 வேட்பாளர்கள் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது, தேர்தலே தள்ளிப்போனது. நாடு முழுக்கச் செய்தி. இன்று யாரைக் கேட்டாலும் 1,033 என்ற எண் நினைவிருக்கிறது, அவர்கள் கேட்டது என்ன என்பது நினைவில்லை. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் 250-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது, இப்போது 10,000. காட்சி வேண்டுமானால் கோரிக்கையே காட்சியாகட்டும். கலங்கல் தண்ணீர்தான் பிரச்சினை என்றால், மனுத்தாக்கலுக்குப் போகும்போது அந்தத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் கொண்டு போங்கள். ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். படத்தை எப்படி வெட்டினாலும் பிரச்சினை அதிலேயே இருக்கும்.

செய்திக்குறிப்பு எழுதும் விதம்

ஒரு பக்கம், 200 சொல்லைத் தாண்டாமல். முதல் வாக்கியத்தில் யார், எங்கே, எப்போது, என்ன எல்லாம் வந்துவிட வேண்டும். "இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் தொகுதியில்" என்று தொடங்கும் குறிப்பை டெஸ்க்கில் (அலுவலகத்தில் செய்தியைத் திருத்திச் சுருக்கும் இடம்) இருப்பவர் இரண்டாவது வரி வரை படிக்க மாட்டார். இப்படித் தொடங்கலாம்:

"……… ஊராட்சியில் குடிநீர்க் குழாய் பராமரிப்புக்கு மூன்று ஆண்டுகளில் ஒதுக்கிய ……… லட்சம் ரூபாயில் ……… லட்சம் மட்டுமே செலவிடப்பட்டுள்ளதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் அளித்த பதிலைக் காட்டி, ……… தொகுதி சுயேச்சை வேட்பாளர் ……… செவ்வாய்க்கிழமை வாக்குச் சேகரித்தார்."

அடுத்த பத்தியில் வேட்பாளர் சொன்ன இரண்டு வாக்கியங்கள். அதற்கடுத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னது, அவர் பெயர், வயது, தொழிலுடன். பிறகு அதிகாரியிடம் நீங்கள் எப்போது மனு கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது. இது முக்கியம்: மறுதரப்பைக் கேட்பது நிருபரின் கடமை. அந்த அலுவலகத்தின் எண்ணை நீங்களே கொடுத்தால் அவர் வேலை பாதி குறையும், உங்கள் மேல் நம்பிக்கையும் வரும். கடைசியில் வேட்பாளர் பெயர் இனிஷியலோடு, வேட்புமனுவில் இருக்கிறபடியே. ஒரே பெயரில் வேறு வேட்பாளரும் நிற்கும் தொகுதிகளில் இனிஷியல் பிழை வாக்கையே இடம்மாற்றிவிடும்.

எழுத்துரு விஷயத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் எதிர்முனையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கைபேசியில் யூனிகோடில் தட்டச்சு செய்து, வாட்ஸ்அப் செய்தியாகவே அனுப்புங்கள். லெட்டர்பேடில் அச்சடித்துப் படம் எடுத்து அனுப்பினால் நிருபர் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். நேரமில்லாத நாளில் விட்டுவிடுவார்.

படம் இரண்டு போதும். ஒன்று அகலவாக்கில், ஒன்று நெட்டுவாக்கில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்துக் கும்பிடும் படம் வேண்டாம். வேட்பாளர் ஒருவரிடம் பேசும் படம், முகம் வெயிலை நோக்கி. படவிளக்கத்தில் "இடமிருந்து வலம்" என்று பெயர்கள். தொலைக்காட்சிக்குக் கைபேசியைக் கிடையாகப் பிடித்து, ஒவ்வொன்றும் பத்து விநாடி வரும்படி ஐந்தாறு விஷுவல், பாட்டுச் சேர்க்காமல். தனியாக 20 விநாடிக்கு வேட்பாளரின் பைட் (கேமரா முன் பேசும் துண்டு). நீங்களே எடிட் செய்து, பெயர்ப்பட்டை ஓட்டி, பின்னணி இசை போட்டுக் கொடுத்ததை எந்தச் சேனலும் பயன்படுத்தாது.

சின்னம் பற்றி ஒரு வார்த்தை. சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைப்பது மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான். அதுவரை "எங்களுக்கு இந்தச் சின்னம்தான்" என்று எதிலும் எழுதாதீர்கள். ஒதுக்கிய அன்றே, ஒரு மணி நேரத்துக்குள், சின்னத்தின் பொருளைக் கையில் பிடித்த படத்துடன் குறிப்பு போகட்டும். சிறிய வேட்பாளருக்குக் கட்டாயம் இடம் கிடைக்கும் நாட்களில் அது ஒன்று.

செய்தியாளர் சந்திப்பு

எல்லாவற்றுக்கும் கூட்டாதீர்கள். காட்ட ஆவணம் இருந்து, கேள்விக்குப் பதில் சொல்ல வேட்பாளர் தயாராக இருந்தால் மட்டும். மொத்தப் பரப்புரைக்கும் இரண்டு முறை போதும்.

முந்தைய நாள் காலையில் அழைப்பு, அன்று காலை 8 மணிக்கு நினைவூட்டல். மாவட்டத் தலைநகரில் பிரஸ் கிளப் இருந்தால் அதன் அறையே நல்லது, நிருபர்கள் வர அலைய வேண்டாம். இருபது நாற்காலி, சேனல் மைக்குகளை வைக்க நடுவில் ஒரு மேசை, பின்னால் வேட்பாளர் தலைக்கு மேலே தெரியும் உயரத்தில் பேனர், ஓடாத மின்விசிறி. காற்றாடிச் சத்தம் மைக்கில் விழுந்தால் பைட் போய்விடும். ஆவணத்தின் நகல்கள் பதினைந்து. பேசுவது ஒருவர் மட்டும், ஏழு நிமிடம், பிறகு கேள்வி. மேடையில் எட்டுப் பேரை உட்காரவைத்து ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால், மூன்றாவது ஆள் பேசும்போது ஒளிப்பதிவாளர்கள் மைக்கைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். டீ, பிஸ்கட் கொடுங்கள்.

நிருபர்களுக்குப் பணக் கவர் கொடுக்காதீர்கள். "எல்லோரும் கொடுக்கிறார்கள்" என்பார்கள். எல்லோரும் கொடுப்பதில்லை, எல்லா நிருபர்களும் வாங்குவதுமில்லை. பணத்தில் பெரிய கட்சியோடு போட்டி போட்டு நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை. உங்களிடம் இருப்பது நேர்மை ஒன்றுதான், அதை ஐந்நூறு ரூபாய்க் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதைச் சொல்லி வாக்குக் கேட்பீர்கள்? கேட்பவரிடம் கோபமில்லாமல், "எங்க கணக்குல அப்படி ஒரு தலைப்பே இல்லைங்க, தகவல் எப்ப வேணும்னாலும் கேளுங்க, உடனே தர்றோம்" என்று சொல்லிவிடுங்கள். சிலர் அன்று போடாமல் போகலாம். இரண்டாவது முறை நல்ல ஆவணத்தோடு போனால் பெரும்பாலும் வருவார்கள்.

'பேக்கேஜ்' பேரம் இன்னும் ஆபத்து. விளம்பரத்தைச் செய்தி போல் போடுவது பணம் கொடுத்துப் பெற்ற செய்தி. மாவட்டந்தோறும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இதைத் தேடுவதற்காகவே தினமும் தாள்களைப் படிக்கிறது. ஒரே செய்தி பல தாள்களில் சொல் மாறாமல் வருவது, ஒருவரையே வெற்றி பெறுபவராகத் துதிப்பது போன்றவை அவர்கள் பார்க்கும் அடையாளங்கள். சந்தேகம் வந்தால், வெளியான 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்புவார். 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். தராவிட்டால் குழுவின் முடிவே இறுதி, விளம்பரக் கட்டணக் கணக்கில் அந்தத் தொகை உங்கள் செலவில் ஏறும். உத்தரப் பிரதேசத்தில் 2007-இல் வென்ற பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவ், இப்படிச் செய்தி வடிவில் வந்த விளம்பரச் செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். இதில் உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: நீங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பையே மூன்று தாள்கள் மாற்றாமல் போட்டுவிட்டால் பணம் கொடுக்காத உங்களுக்கும் நோட்டீஸ் வரலாம். அனுப்பிய குறிப்புகளைத் தேதி, நேரத்துடன் சேமித்து வைப்பது அதற்குத்தான்.

விளம்பரம், நோட்டீஸ், சமூக ஊடகம்

தொலைக்காட்சி, கேபிள், வானொலி, திரையரங்கு, மொத்தக் குறுஞ்செய்தி, குரல் அழைப்பு, இணைய விளம்பரம் எல்லாவற்றுக்கும் முன்சான்று வேண்டும். வேட்பாளர்கள் ஒளிபரப்புக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரத்தின் இரண்டு மின்பிரதிகள், சான்றொப்பமிட்ட எழுத்துவடிவம், தயாரிப்புச் செலவு, ஒளிபரப்புச் செலவு ஆகியவற்றை இணைக்க வேண்டும். அச்சு விளம்பரத்துக்கு வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் மட்டும் முன்சான்று தேவை. உங்கள் சொந்தப் பக்கத்தில் நீங்கள் போடும் பதிவுக்குச் சான்று வேண்டாம். அதற்குக் காசு கொடுத்து 'பூஸ்ட்' செய்தால் அது விளம்பரம், சான்றும் வேண்டும், கணக்கிலும் வரும். வேட்பாளரின் சமூக ஊடகக் கணக்குகளை வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்திலேயே குறிப்பிட வேண்டும்.

நோட்டீஸ், சுவரொட்டியில் அச்சிட்டவர் பெயரும் முகவரியும், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127அ பிரிவு அது. வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை அச்சகத்தாரிடம் இரண்டு பிரதி தர வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்பு மிகுதியில் ஒரு ஆதரவாளர் தானாகவே தாளில் "வாழ்த்துகிறோம்" விளம்பரம் கொடுத்துவிடுவார். வேட்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கொடுத்தால் அந்த ஆதரவாளர் மேல் வழக்கு, அனுமதியோடு கொடுத்தால் உங்கள் செலவு. இதை முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

வேட்பாளர் மேல் குற்ற வழக்கு இருந்தால் (போராட்டத்தில் கலந்துகொண்டதற்கான வழக்கும் இதில் சேரும்) மனுவைத் திரும்பப் பெறும் நாளுக்குப் பிறகு மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். சிறிய குழுவுக்கு இது கனமான செலவு, முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

கேமராவுக்கு முன்னால்

வேட்பாளரை உட்காரவைத்து, 20 விநாடியில் சொல்லி முடிக்கப் பழக்குங்கள். கைபேசியில் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டுங்கள். முதல்முறை எல்லோரும் ஒன்றரை நிமிடம் பேசுவார்கள். பத்தாவது முறை சரியாகும்.

மூன்று கேள்விகள் தவறாமல் வரும். "ஓட்டைப் பிரிக்கத்தானே நிக்கிறீங்க?" "பணம் எங்கிருந்து வருது?" "டெபாசிட் வாங்குவீங்களா?" இரண்டாவதற்குக் கணக்கு நோட்டே பதில்: இன்று வரை இவ்வளவு வரவு, இவ்வளவு செலவு, வரம்பு 40 லட்சம். பணக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல்லும் வேட்பாளர் அரிது என்பதால் அதுவே செய்தியாகும். மூன்றாவதற்கு, செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும் என்ற விதி வேட்பாளருக்குத் தெரிந்திருக்கட்டும். தெரியாமல் விழித்தால் அந்தத் துண்டுதான் சுற்றும். முதல் கேள்விக்கு நீங்கள்தான் உண்மையான பதிலைக் கண்டுபிடிக்க வேண்டும், அதை வேறு யாரும் எழுதித் தர முடியாது.

மைக் போட்டிருக்கும்வரை "இது வெளியே வேண்டாம்" என்பதற்குப் பொருளில்லை. நீண்ட யூடியூப் பேட்டி என்றால் உங்கள் பக்கமும் ஒலிப்பதிவு செய்யுங்கள்; வெட்டி ஒட்டிய தலைப்போடு வந்தால் முழுப் பேச்சைக் காட்ட உதவும். எதிர் வேட்பாளர் பற்றிக் கையில் ஆவணம் இல்லாத எதையும் பேச வேண்டாம். அவதூறு வழக்கு தேர்தல் முடிந்த பிறகும் தொடரும், அதை நடத்தும் பணம் உங்களிடம் இருக்காது.

தவறாக வந்துவிட்டால்

முதலில் நிருபரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் திட்டாதீர்கள். பாதிப் பிழைகள் டெஸ்க்கில் சுருக்கும்போது விழுபவை, நிருபர் தெரிந்து செய்தவை அல்ல. திருத்தம் கேட்கும்போது வந்தது என்ன, சரியானது என்ன, ஆதாரம் எது என்று மூன்றே வரி. மறுத்தால் ஆசிரியருக்கு விரைவுத் தபால். அதற்கும் பதில் இல்லை என்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலில் முறையிடலாம். நாளிதழ் செய்தி என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள். தேர்தலுக்குள் தீர்ப்பு வராது, ஆனாலும் பெரிய பிழைகளுக்கு அது பதிவாக வேண்டும்.

கடைசி 48 மணி நேரம் முதல் எண்ணிக்கை வரை

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில், தொலைக்காட்சி போன்ற சாதனங்களில் தேர்தல் பரப்புரை எதையும் காட்டக் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. அந்த நேரத்தில் ஒளிபரப்பாகும்படி பேட்டி கொடுக்காதீர்கள். முன்பே எடுத்த பேட்டியை எப்போது போடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருத்துக்கணிப்பு என்ற பெயரில் எதையும் பகிர வேண்டாம்.

வாக்குப்பதிவு நாளில் உங்கள் படக்காரருக்கு வாக்குச்சாவடிக்குள் வேலையில்லை. அங்கே நுழைவது ஆணையத்தின் அனுமதிக் கடிதம் பெற்ற செய்தியாளர்கள் மட்டும். 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பது குற்றம். வேட்பாளர் விரல் மையைக் காட்டும் படத்தை வெளியே வந்து எடுங்கள், காலை 8 மணிக்குள் என்றால் மாலைத் தாளிலும் வரும். மாலையில், வாக்குச்சாவடி முகவர்கள் 17சி படிவத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தச் சாவடியில் பதிவான மொத்த வாக்கு அதில் இருக்கும். சதவீதத்தில் குழப்பம் வரும்போது நிருபர்கள் தேடுவது இதைத்தான். எல்லாச் சாவடியின் 17சி-யும் கோப்பில் வைத்திருக்கும் சிறிய குழுவுக்கு அன்றிரவு தொலைபேசி ஓயாது.

எண்ணிக்கை முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், வாங்கிய வாக்கு எண்ணிக்கையோடு ஐந்து வரிக் குறிப்பை ஒரு மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். பிறகு வெளியான செய்திகளை வெட்டிச் சேர்த்த கட்டிங் கோப்பை எடுத்து, வந்த செய்தி, கொடுத்த விளம்பரம், பில் எண் மூன்றையும் ஒத்துப்பாருங்கள். முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கு போக வேண்டும், தோற்றவருக்கும் அதே கெடுதான்.